வாசற்படிக்கு ஒரு வைத்தியம்

வீட்டு மராமத்து என்று வந்தால் கடைசி இடம் வாசற்படிக்குத்தான். குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் வருகிறான். மின்விசிறி நின்றுவிட்டால் வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. ஆனால், வீட்டிலுள்ள அத்தனை பேரும் தினம் பத்துத் தடவை தாண்டுகிற வாசற்படி மட்டும், மேலே மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு, உள்ளே சத்தமில்லாமல் உளுத்துக்கொண்டே இருக்கிறது.

எங்களுக்கும் அது தெரியவில்லை, என் மாமியார் தடுக்கி விழும் வரையில்.

ஐப்பசி மாதத்து மழை நாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோல மாவும் கையுமாகப் புறப்பட்டவர் படியில் இடறி விழுந்துவிட்டார். நல்ல வேளை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. "படி மேல் தப்பில்லை, புடைவைத் தலைப்புக் காலில் மாட்டிக்கொண்டது" என்று சாதித்தார். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தேன். படியின் நடுவே ஒரு சிராய் பெயர்ந்து நின்றது. அதை விரலால் நெம்பினேன். ஈரமான கேக் மாதிரி உதிர்ந்தது.

புடைவை மேல் ஏன் பழி போட்டார் என்று பிறகு புரிந்தது. 'இந்த வயசில் உங்களுக்கு எதற்குக் கோலம்?' என்று நாங்கள் ஆரம்பித்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் படியையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்திருக்கும் சமயத்தில் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். 'டக்'கென்று கெட்டியாகச் சத்தம் கேட்டால் க்ஷேமம். 'பொத்'தென்று கேட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். பிறகு திருப்புளியின் முனையால், முக்கியமாக நிலைக்கால்கள் படியோடு சேரும் இரண்டு மூலைகளிலும், அழுத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் மரம் இற்றுவிட்டது என்று அர்த்தம். மூலையில் மண் கோடு ஓடினால் அது கறையான். அப்படியானால் முதலில் கறையானுக்கு மருந்து, பிறகுதான் படிக்கு. இல்லாவிட்டால் புதுப் படியும் அதற்குப் பலகாரமாகிவிடும்.

எங்கள் வீட்டில் கறையான் இல்லை. குற்றவாளி தண்ணீர். "மரம் வெறும் தண்ணீரால் கெடுவதில்லை அம்மா, காயாமலே இருந்தால்தான் கெடுகிறது" என்றார் தச்சு ஆசாரி. உண்மைதான். மரத்தை இற வைப்பது ஒரு வகைப் பூஞ்சைக் காளான். மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருந்தால் அது வளராது. நாமோ காலையும் மாலையும் படியைக் கழுவுகிறோம். போதாக்குறைக்கு, பளபளப்பாக இருக்கட்டும் என்று மஞ்சள் எனாமல் பெயிண்டை வேறு அடித்துவிடுகிறோம். அதில் விரிசல் விழுந்ததும் தண்ணீர் உள்ளே போகிறது. ஆனால் வெளியே வர வழியில்லை. நிலைக்கால்களின் வெட்டு முனைகளோ, குழல்களை அடுக்கி வைத்தாற்போல ஈரத்தை உறிஞ்சுகின்றன.

சரி, மாற்றுவது என்று தீர்மானமாயிற்று. எதை வைத்து மாற்றுவது? இங்கேதான் குருக்ஷேத்திரம் ஆரம்பித்தது.

"படியே வேண்டாம். தரையோடு தரையாக டைல் பதித்துவிடலாம். அம்மா இடறவும் மாட்டாள்" என்றார் என் கணவர்.

"படி இல்லாமல் ஒரு வாசலா? மஞ்சளை எங்கே பூசுவது? பூரானும் தேளும் நேரே கூடத்துக்கே வரட்டும் என்கிறாயா?" என்றார் மாமியார். 1968-ஆம் வருஷம் வலது காலை எடுத்து வைத்து அந்தப் படியைத் தாண்டித்தான் அவர் இந்த வீட்டுக்குள் வந்தார். படியின் நடுவில் விழுந்திருந்த பள்ளத்தில் அவர் பாதத்துக்கும் பங்கு உண்டு.

நான் நடுநிலைமை வகித்தேன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. படி இல்லாவிட்டால் சாரல் உள்ளே வரும். நாலு அங்குல உயரப் படியோ வயசானவர்களுக்கு ஆபத்து. மாற்றுத் திறனாளிகளின் வசதிக்காக மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட கட்டட வழிகாட்டி நெறிகளும், படியின் உயரம் 12 மில்லி மீட்டருக்கு, அதாவது அரை அங்குலத்துக்கு, மேல் போகாமல் ஓரம் சரிவாக இருக்க வேண்டும் என்கின்றன.

"தேக்கிலே செய்து தருகிறேன். ஆனால் தாழ்வாகப் பதித்து இரண்டு வேளையும் கழுவினால் தேக்கும் எத்தனை நாள் தாங்கும்? கருங்கல்லாக இருந்தால் கவலையே இல்லை" என்றார் ஆசாரி.

மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கோயிலில் எல்லாம் கல் படிதானே?" என்றார் மெதுவாக. பெருமாள் கோயில்களில் கர்ப்பக்கிருகத்து வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். திருவேங்கடமுடையான் சந்நிதியில் படியாகக் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட குலசேகர ஆழ்வாரின் நினைவாக வந்த பெயர் அது. ஆழ்வாரே சிபாரிசு செய்த பிறகு அப்பீல் ஏது?

நாலு அடி நீளம், ஆறு அங்குல அகலம், மூன்று அங்குல கனம். ஏறக்குறைய 38 கிலோ எடையுள்ள கருங்கல். வழவழப்பாக மெருகேற்றினால் ஈரத்தில் வழுக்கும் என்பதால், மேல்பக்கத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கச் சொன்னோம்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படும். காலையிலேயே கதவைக் கீலிலிருந்து கழற்றி வைத்தார்கள். நிலைக்கால்கள் நகராதபடி குறுக்கே ஒரு சட்டம் அடித்தார்கள். படியை முழுசாகப் பிடுங்கினால் நிலையே ஆட்டம் கண்டுவிடும். ஆகையால் அதை நடுவில் இரண்டு இடத்தில் அறுத்துத் துண்டு துண்டாக எடுத்தார்கள். நிலைக்கால்களின் அடியில் இற்றுப்போன பாகத்தை நல்ல மரம் தெரியும் வரை வெட்டிவிட்டு, புதுத் தேக்குத் துண்டுகளை ஒட்டுப் போட்டு நீட்டினார்கள். வெட்டு முனைகளுக்கெல்லாம் இரண்டு பூச்சுப் பெயிண்ட். 'கண்ணுக்குத் தெரியாத இடம்தானே' என்று இதை விட்டுவிட்டால் பழைய கதைதான்.

தரையைத் தோண்டிச் சிமெண்டுக் கலவை போட்டு, அரை அங்குலம் மட்டும் மேலே தெரியும்படி கல்லைப் பதித்தார்கள். தெருப் பக்கம் இலேசாகச் சரிவு. நிலைக்காலுக்கும் கல்லுக்கும் நடுவே துருப்பிடிக்காத எஃகு முளை. படி தாழ்ந்ததால் கதவுக்குக் கீழே மூன்றரை அங்குலச் சந்து விழுந்தது. கதவின் அடியில் ஒரு தேக்குச் சட்டம் சேர்த்து அதையும் அடைத்தார் ஆசாரி. இருட்டுவதற்குள் கதவு பூட்டப்பட்டது. முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. வாசல் கதவு இல்லாமல் ராத்திரி யார் தூங்குவது?

கலவை இறுகும் வரை கல்லின் மேல் கால் படாமல், இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே பலகை போட்டுத் தாண்டினோம். பலகையை எடுத்ததும் மாமியார் ஒரு சொம்புத் தண்ணீரைப் படியின் மேல் ஊற்றினார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு, சமர்த்தாகத் தெருப் பக்கம் ஓடிற்று.

முதல் ஒரு வாரம் வேடிக்கையாக இருந்தது. பழக்க தோஷத்தால் எல்லாரும் காலை உயரத் தூக்கி வைத்து, இல்லாத படியைத் தாண்டினோம்!

பழைய படியில் கெடாமல் இருந்த ஒரு முழத் துண்டை ஆசாரி இழைத்து மணை செய்து கொடுத்தார். மாமியார் அதில் உட்கார்ந்துதான் இப்போது காய்கறி நறுக்குகிறார்.

நேற்று விடியற்காலை விழிப்புக் கொடுத்தது. வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். விடிந்து போய்ப் பார்த்தபோது, கருங்கல்லின் மேல் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. வாசலில், வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரு கோலம்.