108-க்கு அப்புறம் என்ன? உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் வீட்டு எஃப்.எம். ரேடியோ 108-ல் முடிந்துவிடுகிறதே, அதற்கு அடுத்த வீடு யாருடையது? விமானங்களுடையது! 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை பைலட்டுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள்தான்!

வி.ஓ.ஆர். என்ற நிலையத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத 360 பாதைகள் கிளம்புகின்றன. பாகைக்கு ஒன்று! குட்டி செஸ்னா விமானத்தில் இருக்கும் ரிசீவர், தான் எந்தப் பாதையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். எப்படி? நிலையம் இரண்டு சிக்னல் அனுப்பும். ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. இன்னொன்று விநாடிக்கு 30 சுற்று சுழலும்! இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் திசை. வடக்கில் 0, கிழக்கில் 90, தெற்கில் 180!

இந்தத் திசையைப் பைலட்டுக்குக் காட்டுவது ஒரு முள். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த முள் கண்டுகொள்ளாது! அதற்கு நீங்கள் இருக்கும் இடம் மட்டுமே கணக்கு.

நிலையத்திலிருந்து 60 கடல் மைல் தள்ளிப் பறக்கிறீர்கள். முள் நடுவிலிருந்து ஒரே ஒரு புள்ளி விலகியிருக்கிறது. போச்சு, வழியிலிருந்து 3.7 கி.மீ. விலகிவிட்டீர்கள்!

நிலையத்தின் நேர் உச்சிக்குப் போனால்? முள் தள்ளாடும்! அந்த இடத்துக்குப் பைலட்டுகள் வைத்த பெயர் 'குழப்பக் கூம்பு'!

ஒவ்வொரு நிலையமும் தன் பெயரை மோர்ஸ் தந்தியில் அடித்துக்கொண்டே இருக்கும். பெயர் கேட்கவில்லையா? முள் எவ்வளவு சமர்த்தாக நின்றாலும் நம்பக் கூடாது!

தூரம் காட்டும் டி.எம்.இ. கருவி இன்னும் வேடிக்கை. 6,000 அடி உயரத்தில், நிலையத்துக்கு நேர் மேலே பறந்தால் தூரம் 0 என்றா காட்டும்? இல்லை, 1 கடல் மைல்! உயரத்தையும் சேர்த்தே அளக்கிறது.

1930-களின் அமெரிக்கப் பைலட்டுக்கு இந்த முள்ளும் கிடையாது, காதுதான்! ஒரு பக்கம் விலகினால் மோர்ஸில் 'ஏ', மறுபக்கம் விலகினால் 'என்'. சரியான பாதையில் இரண்டும் கலந்து இடைவிடாத ஒரே ஊதல்! ஒரு நிலையத்துக்கு மொத்தமே 4 பாதை. மணிக்கணக்கில் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பறந்தார்கள். பொறுமைக்கு ஒரு சலாம்!

நமக்கு ரொம்பப் பிடித்தது ஏ.டி.எஃப். என்ற திசைகாட்டும் கருவி. சாதாரண ஏ.எம். வானொலி நிலையத்தை வைத்தால்கூட, முள் அதை நோக்கித் திரும்பும்! 1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பரைத் தாக்கப் புறப்பட்ட ஜப்பானியப் படைத் தலைவர் மிட்சுவோ ஃபுச்சிடா வழி பிடித்தது எதை வைத்து? ஹொனலுலு வானொலியின் பாட்டை வைத்து!

இடி மின்னல் பக்கத்தில் இருந்தாலோ, இதே முள் மின்னலைச் சுட்டிக்காட்டும். எந்தப் பக்கம் போகவே கூடாதோ, சரியாக அந்தப் பக்கம்!

ஜி.பி.எஸ். வந்த பிறகு இதெல்லாம் காயலான் கடைக்கா? அதுதான் இல்லை! அமெரிக்கா பல வி.ஓ.ஆர். நிலையங்களை மூடினாலும் ஒரு பகுதியை விடாமல் வைத்திருக்கிறது. ஜி.பி.எஸ். செத்துப்போனால், அது இல்லாமலே இறங்கக்கூடிய ஒரு விமான நிலையம் விமானத்திலிருந்து 100 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது 185 கி.மீ.!