இணையுங் கருவியும் இணையாக் கருவியும்

நம் அரசாங்கத்தார் மேல்நிலைப் பள்ளி மாணாக்கர்க்கு விலையின்றி வழங்கும் மிதிவண்டியின் பின்புறத்தே பல்சக்கரம் ஒன்றே உண்டு. அதனை ஓட்டுவார்க்குக் கியரைக் குறித்த கவலை யாதுமில்லை. ஆயினும், ஆடித் திங்களின் மேல்காற்றை எதிர்த்துச் சிவகாசியினின்றும் வெம்பக்கோட்டைக்கு மிதித்துச் சென்றவர், கியர் என்பது மலையேறுவார்க்கு மட்டுமே உரிய பொருளன்று என்பதை நன்குணர்வர். இதுபற்றியே, வளைந்த கைப்பிடியும் ஒடுங்கிய உருளிகளும் உடைய ரோடு பைக்குகளைப் பழையனவாக வாங்கி ஓட்டுவார் சிலர் எம்மிடையே உளர். பழைய வண்டியில் ஓர் உறுப்புக் கெடின், அதற்கேற்ற அதே உறுப்புக் கிடைத்தல் அரிது. கிடைத்ததை மாட்டலாமா, ஆகாதா என்னும் வினா அப்பொழுது எழுகின்றது. தவறான விடைக்குப் பணமும், சிற்சமயம் உருளியும் பலியாதலின், இதனைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

ஆராய்தற்குரிய கருவிகள் இரண்டு. கைப்பிடியில் பிரேக்கோடு ஒன்றாய் அமைந்து, 'க்ளிக்' என்னும் ஓசையோடு கம்பியைப் படிப்படியாக இழுப்பது ஷிப்டர். பின்னுருளியின் அருகே தொங்கி, அவ்விழுப்பால் உள்ளும் புறமும் அசைந்து, செயினை ஒரு பல்சக்கரத்தினின்றும் மற்றொன்றிற்குத் தள்ளுவது டீரெயிலர். ஜப்பானிய நிறுவனமாகிய ஷிமானோ, இக்கருவிகளைக் க்ளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா-ஏஸ் எனத் தரவரிசைப்படுத்தி விற்கின்றது. ஒரு வரிசையின் ஷிப்டர் மற்றொரு வரிசையின் டீரெயிலரோடு ஒத்தியங்குமா என வினவின், பலரும் பெயரை நோக்கியோ, விலையை நோக்கியோ, பல்சக்கரங்களின் எண்ணிக்கையை நோக்கியோ விடை கூறுவர். இம்மூன்றும் சான்றாகா. நோக்கற்பாலது ஒரு சிறு பெருக்கற் கணக்கே.

முற்காலத்தே இவ்வினாவிற்கு இடமேயில்லை. அக்காலத்து நெம்புகோலில் படிகள் இல்லை. உராய்வால் நிறுத்திய இடத்தில் அது நிற்கும். செயின் செம்மையாய் அமர்ந்ததா என்பதை ஓட்டுபவர் தம் செவியாலும் கையாலும் அறிந்து திருத்திக்கொள்வர். ஆகலின் பெரும்பாலும் எந்த நெம்புகோலும் எந்த டீரெயிலரோடும் இணங்கிற்று. 1984-ஆம் ஆண்டில் ஷிமானோ, டியூரா-ஏஸ் வரிசையில் படிப்படியாய் நிற்கும் முறையைப் புகுத்திற்று. அதுமுதல், ஓட்டுபவர் செவியில் இருந்த அளவு கருவியினுள்ளே புகுந்துகொண்டது. ஓட்டுவார்க்கு எளிமை, பழுது பார்ப்பார்க்குத் தொல்லை! அவ்வரிசையின் டீரெயிலர் அந்நிறுவனத்தின் பிற வரிசைகளோடுகூட ஒவ்வாதிருந்தது என்பது வியப்பே.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு க்ளிக்கிற்கு ஷிப்டர் இழுக்கும் கம்பியின் நீளம் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு டீரெயிலர் எத்துணை மில்லிமீட்டர் நகரும் என்னும் விகிதம் மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கி வருந்தொகை, அடுத்தடுத்த பல்சக்கரங்களின் இடைவெளிக்குச் சமமாதல் வேண்டும். ஷிமானோவின் பழைய பத்துச் சக்கர ஷிப்டர் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் இழுக்கும். அதன் டீரெயிலரின் விகிதம் 1.7. பெருக்கின் 3.91. பத்துச் சக்கரத் தொகுதியின் இடைவெளி ஏறத்தாழ 3.95. பொருத்தம் நன்று. ஒன்பது சக்கர முறையில் இழுப்பு 2.5, எட்டுச் சக்கர முறையில் 2.8; டீரெயிலரின் விகிதமோ அதே 1.7. ஆகவே சோராவின் ஒன்பது சக்கர ஷிப்டரோடு க்ளாரிஸின் எட்டுச் சக்கர டீரெயிலர் தடையின்றி இயங்கும். எண்ணிக்கையை அறிவது ஷிப்டரே; டீரெயிலர் எண்ணத் தெரியாத கருவி.

எம் தோழர் ஒருவர்க்கு நேர்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். அவர் வெம்பக்கோட்டையைச் சார்ந்தவர். பழைய 4600 எண்ணுடைய டியாக்ரா பூட்டிய வண்டியொன்று அவரிடம் உண்டு. ஷிப்டர் பழுதுற்றது. பட்டாசுத் தொழிற்சாலையில் உழைக்கும் அன்னையார் சேமித்தளித்த பணத்தோடு அவர் கடைக்குச் சென்றார். கடைக்காரர், “பத்துக்குப் பத்து, டியாக்ராவுக்கு டியாக்ரா; இதில் யோசிக்க என்ன இருக்கிறது, தம்பி?” என்று 4700 எண்ணுடைய ஷிப்டரை எடுத்து நீட்டினார். பெயர் ஒன்று, எண்ணிக்கை ஒன்று, ஐயுறுவார் யார்? 2022 முதல் அகழாய்வு நடந்த விஜயகரிசல்குளத்து மேட்டிற்கு அவ்வண்டியில் யாங்கள் சென்ற அன்று, மூன்றாம் க்ளிக்கிலேயே செயின் இரு சக்கரங்களுக்கிடையே நின்று கடகடவென அரற்றலாயிற்று. சங்கு வளையல்களையும் கண்ணாடி மணிகளையும் குறித்து அன்று யாங்கள் பேசியது சிறிதே!

காரணம் யாதெனின், 4700 வரிசையில் ஷிமானோ விகிதத்தையே மாற்றிவிட்டது. பதினொரு சக்கர முறைக்கு வகுத்த 1.4 என்னும் விகிதத்தை அப்பத்துச் சக்கர டீரெயிலருக்கும் ஏற்றி, ஷிப்டரின் இழுப்பை ஏறத்தாழ 2.8 ஆக்கிற்று. 2.8-ஐப் பழைய 1.7-ஆல் பெருக்கின் 4.76, வேண்டுவது 3.95. க்ளிக் ஒன்றிற்கு 0.8 மில்லிமீட்டர் மிகை; ஐந்தாம் க்ளிக்கில் ஒரு சக்கரம் முழுவதுமே பிழை.

சிவகாசியில் நாட்காட்டி அச்சிடுவோர் நான்கு வண்ணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வழுவாது படியவைப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அங்கு ஒரு வண்ணம் சிறிது விலகின் அவ்விலகல் அவ்வளவிலேயே நிற்கும். இங்கோ ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். டீரெயிலரின் மேற்கப்பி பக்கவாட்டில் சிறிது அசையுமாறு அமைந்திருத்தலால், 0.1 போன்ற சிறு வேற்றுமை மறைந்துவிடும், 0.8 மறையாது.

அத்தோழர் பின்னர்ப் பழைய 105 வரிசையின் பதினொரு சக்கர டீரெயிலர் ஒன்றைக் குறைந்த விலைக்குப் பெற்றார். பெயரும் வேறு, எண்ணிக்கையும் வேறு. ஆயினும் விகிதம் 1.4, பெருக்கின் 3.92. வண்டி இன்று ஓசையின்றி ஓடுகின்றது.

ஸ்ராம் நிறுவனத்தின் பத்துச் சக்கர ரோடு ஷிப்டர் 3.1 இழுப்பதால், அது ஷிமானோவின் டீரெயிலரோடு சேராது. மலைவண்டிகளுக்கென ஷிமானோ செய்த ஒன்பது சக்கர டீரெயிலர், பழைய ரோடு ஷிப்டர்களோடு சேரும். அவ்வகையின் பத்துச் சக்கரக் கருவி சேராது. முன் டீரெயிலருக்குத் தனிக்கணக்கு உண்டு. எந்தக் கலப்பிலும், டீரெயிலரின் உள் எல்லைத் திருகை முதலில் சரிசெய்தல் இன்றியமையாதது. இன்றேல் செயின் பெருஞ்சக்கரத்தைத் தாண்டிப் போக்ஸ் கம்பிகளுக்குள் விழுந்து உருளியை நெரிக்கும்.

கருவியின் இழுப்பை அளந்தறிதல் அரிதன்று. டீரெயிலரின் திருகைத் தளர்த்திக் கம்பியை விடுவித்து, கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மையால் ஒரு குறியிட்டு, ஷிப்டரை முதற் படியினின்றும் இறுதிப் படிவரை இயக்கிக் குறி நகர்ந்த நீளத்தை அடிக்கோலால் அளக்க. பத்துச் சக்கர ஷிப்டரில் ஒன்பது க்ளிக்குகள் உண்டு. நீளம் 21 மில்லிமீட்டரை ஒட்டியிருப்பின் அது பழைய முறை. 25-ஐ ஒட்டியிருப்பின் புதிய முறை. அளக்க இயலாவிடத்து, டீரெயிலரின் உட்புறத்திலும் ஷிப்டரின் உடலிலும் பொறித்துள்ள எண்ணைப் பணம் கொடுக்குமுன் படித்துக்கொள்க. அழுக்கு மூடியிருப்பின் சிறிது மண்ணெண்ணெயால் துடைக்க, எழுத்துத் தெளிவாகத் தெரியும்.