வானத்தைப் பார்க்கப் பழகினேன்

எமது முன்னோர் ஒரு வருடத்தை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். மாரிமழை ஓய்ந்து வயல்களில் அருவி வெட்டு நடக்கும் காலம் அது. விடியப்புறத்தில் புல்லெல்லாம் பனியில் நனைந்து கிடக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுடத் தொடங்கிவிடும். இந்த நாட்களில் எங்கள் ஊரில் எது பூக்கிறது, எந்தப் பறவை வருகிறது, எது போகிறது என்று நாற்பத்தாறு வயது வரை நான் கவனித்ததில்லை. 2024 ஆம் ஆண்டில்தான் கவனித்தேன். ஒரு பழைய கைத்தொலைபேசிதான் அதற்குக் காரணம்.

நான் மன்னார் மாவட்டத்தில், விடத்தல்தீவுக்கு அருகில் வசிக்கிறேன். இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுப்பது எனது தொழில். காலை நான்கு மணிக்கு எழும்பினால்தான் ஆறு மணிக்கு இடியப்பப் பெட்டியைச் சயிக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். திரும்பி வரும் வழியில் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் களப்பு. பல வருடங்களாக அந்த வழியால் வந்து போனேன். வழியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

வானமும் நிலமும்

பார்க்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2008 இல் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். வெள்ளாங்குளம், கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு என்று போய், 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அந்தக் காலத்தில் வானத்தை அண்ணாந்து பார்ப்பது கிபிருக்காக. வேவு விமானத்தை நாங்கள் ‘வண்டு’ என்போம். அது இரைந்தால் கொஞ்ச நேரத்தில் செல் வரும் என்று பயப்படுவோம். முகாமிலிருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பிய பின்னர் கண் நிலத்துக்கு இறங்கிவிட்டது. மிதிவெடிக்குப் பயந்து, முன்னால் போனவரின் காலடியில் எங்கள் காலை வைத்து நடந்தோம். வானமும் பயம், நிலமும் பயம் என்றால் மனிதர் எங்கே பார்ப்பது?

படம் என்பதும் எங்களுக்கு வேறு பொருள் கொண்டது. எனது கணவர் 2009 இல் காணாமற்போனார். அவருடைய ஒரேயொரு படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இப்போது முகம் புள்ளி புள்ளியாகிவிட்டது. எத்தனை விண்ணப்பங்களில் அதை ஒட்டினேன், எத்தனை வீதியோரங்களில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. படம் எடுப்பது மகிழ்ச்சிக்காக என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மகள் தந்த போன்

எனது மகள் மன்னார் நகரில் படிக்கிறாள். புதிய போன் வாங்கியதும் மூலை உடைந்த பழைய போனை என்னிடம் தந்தாள். “அம்மா, இதிலை படமும் எடுக்கலாம். சும்மா எதையாவது எடுத்துப் பாருங்கோ” என்றாள். தைப்பொங்கல் கழிந்த கிழமை அது.

அடுத்த நாள் காலை, எங்கள் வேலி முள்முருக்கில் ஒரு செண்பகம் வந்து குந்தியது. செங்கல் நிறச் செட்டை, சிவப்புக் கண். போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன். வேலி விழுந்தது, வானம் விழுந்தது, செண்பகம் விழவில்லை. மகளுக்கு அனுப்பினேன். “செண்பகம் எங்கை அம்மா?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அடுத்த நாளும் எடுத்தேன்.

இரண்டு கிழமைக்குள் ஊரில் கதை வந்துவிட்டது. “விடியக்காலையிலை போனோடை களப்படியிலை நிக்கிறாளாம். ஆரோடை கதைக்கிறாளோ?” தனியாக வாழும் பெண் எதைக் கையில் எடுத்தாலும் இப்படி ஒரு கேள்வி வரும். எனது மாமிதான் அதற்குப் பதில் சொன்னா: “அவள் கொக்கைப் படம் பிடிக்கிறாள். வேணுமெண்டால் நீயும் போய் நில்லு, உன்னையும் பிடிப்பாள்.” அதோடு அந்தக் கதை அடங்கியது.

ஒருநாள் வீதியோரத்தில் நின்று எடுத்துக்கொண்டிருந்தபோது சீருடையுடன் இருவர் வந்து, எதைப் படம் எடுக்கிறாய் என்று கேட்டார்கள். போனைக் காட்டினேன். நாரை, நாரை, பிறகும் நாரை. தந்துவிட்டுப் போனார்கள். அன்று முழுவதும் எனக்குக் கை நடுங்கியது. இடியப்பத்துக்கு மா பிசையவும் முடியவில்லை. ஆயினும் மூன்றாம் நாள் திரும்பப் போனேன்.

இருப்பவையும் வருபவையும்

எங்கள் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் எனது இடியப்பம் வாங்குபவர். படங்களைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதிலை பாதி எங்கடை நாட்டுப் பறவையே இல்லை” என்றார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

அவர் விளக்கியது இதுதான். கூழைக்கடா, சங்குவளை நாரை, செண்பகம், புலுனி, ஆட்காட்டி ஆகியவை வருடம் முழுவதும் எம்முடன் இருப்பவை. வேறு பல பறவைகள் வடக்கே குளிர் தொடங்கும்போது புறப்பட்டு, புரட்டாதி, ஐப்பசியில் இங்கு வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்பவை. மின்கம்பியில் வரிசையாகக் குந்தியிருக்கும், வால் பிளந்த தகைவிலான் அவற்றில் ஒன்று. களப்பில் கூட்டமாக மிதக்கும் ஊசிவால் வாத்து சைபீரியா போன்ற தூரதேசங்களில் கூடு கட்டுவது. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் பற்றைக்குள் இருந்து கூப்பிடும் ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரம் வரையுள்ள இந்தியக் காடுகளிலிருந்து வருவது. அதன் முதுகு பச்சை, செட்டையில் நீலம், அடிவயிறு சிவப்பு. அவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் ஒளிந்து இரை பொறுக்கும்.

பறவைகள் வடக்கிலிருந்து வரும் வான்வழியின் தென்கோடியில் இலங்கை இருக்கிறது. அதற்கப்பால் தெற்கே பெருங்கடல்தான். ஆகவே மன்னார்க் கரையின் சேற்று வெளியும் உப்பு வெளியும் அவற்றுக்கு முக்கியமானவை. வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எங்கள் விடத்தல்தீவுக் கரையும் 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் ‘சேறு’ என்று சொல்லிக் கடந்துபோகும் இடம் அது.

இன்னொன்றும் ரீச்சர் சொன்னார். 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து, இருப்பிடம் காட்டும் சிறு கருவியை முதுகில் பொருத்தி விட்டார்களாம். அவை ரஷ்யாவின் வடகோடிக் கரை வரை சென்று, அங்கிருந்து மன்னாருக்கே திரும்பி வந்தனவாம். எங்களவர் முதுகிலும் அப்படியொரு கருவி இருந்திருந்தால் என்று அப்போது நினைத்தேன். நினைத்ததை ரீச்சரிடம் சொல்லவில்லை.

அவர் தனது பைனாகுலரை எனக்கு இரவல் தந்தார். போர்க்காலத்தில் மற்றவர் கையில் கண்ட பொருள் அது. அதன் ஒரு கண்ணாடியில் போனின் கமராவை நேராக ஒட்டிப் பிடித்தால், தூரத்துப் பறவை ஒரு வட்டத்துக்குள் பெரிதாக வந்து நிற்கும். சயிக்கிள் சீற்றில் கையை ஊன்றிக்கொண்டால் ஆடாது. இப்படித்தான் மாசி மாதத்தில் முதன்முதலாகப் பூநாரையின் முகத்தைக் கண்டேன். கிழமைக்கு ஒருதடவை மன்னாருக்குப் போகும்போது தள்ளாடியில் இறங்கி, பாலத்துக்குப் போகும் தெருவோரம் நிற்பேன். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, அரித்தெடுத்துத் தின்னும். அரிதட்டில் மா அரிக்கிற எனக்கு அது நன்றாக விளங்கியது. அந்த இரையிலிருந்தே அதற்கு இளஞ்சிவப்பு நிறம் வருகிறது.

வேலியில் நின்றவை

பறவை பறந்துவிடும், செடி நிற்கும். எனவே பறவை கிடைக்காத நாட்களில் செடிகளை எடுத்தேன். மாசியில் முள்முருக்கு இலையெல்லாம் கொட்டி, சிவப்புப் பூவோடு மட்டும் நின்றது. மைனாவும் இரட்டைவால் குருவியும் காகமும் தேன் குடிக்க வந்து சண்டை பிடித்தன. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செந்நிறமாகிறது. ஒரே பூவைக் காலையிலும் மறுநாளும் எடுத்து வைத்தால் இரண்டு பூ என்றே சொல்வார்கள்.

களப்பு வற்ற வற்ற உப்பு வெளியில் உமிரி சிவந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் அதை அவித்து, உப்புத் தண்ணீரை வடித்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். அப்போது அது பசிக்கான கீரை. இப்போது குனிந்து கிட்ட வைத்துப் படம் எடுத்தேன். சின்னச் சின்ன மணிகளாக எவ்வளவு அழகு! பங்குனியில் வேம்பு பூத்தது. வடகத்துக்குப் பூப் பொறுக்கும்போதும் போன் இடுப்பில்தான்.

இந்த ஆட்காட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இரவில் அது கத்தினால், யாரோ வருகிறார்கள் என்று விளக்கை நூர்த்துவிட்டு மூச்சடக்கி இருப்போம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. பங்குனியில், வெட்டின வயலில் ஓர் ஆட்காட்டி என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. பின்வாங்கி நின்று பைனாகுலரால் பார்த்தேன். வெறும் நிலத்தில், கல்லைப் போன்ற நிறத்தில் நான்கு முட்டைகள். அது எங்களைக் காட்டிக்கொடுக்கக் கத்தியதில்லை. தன் பிள்ளைகளுக்காகக் கத்தியிருக்கிறது. அந்த முட்டைகளை நான் படம் எடுக்கவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அவை போன நாள்

பங்குனி நடுப்பகுதியில் ஒரு காலை, வழமைபோலத் தள்ளாடியில் இறங்கினேன். தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. முதற்கிழமை பரந்து நின்ற பூநாரைகளில் ஒன்றுகூட இல்லை. போகப்போகின்றன என்று தெரியும். ரீச்சர் சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் தெருவோரத்தில் இருந்து அழுதேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சொல்லாமற் போவது எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரியும். பறவைகள் திரும்ப வரும், அதைப்போல என்று எழுதி இந்தக் கட்டுரையை அழகாக முடிக்கலாம். அது உண்மையில்லை. பறவை வரும் மாதம் தெரியும். எங்களுடைய காத்திருப்புக்கு மாதம் இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் ஒன்று நடந்தது. பதினைந்து வருடமாக நான் வைத்திருந்த கோவையில் இருந்தவை எல்லாம் ஒரே நாளைப் பற்றிய திகதிகள்: கடைசியாகக் கண்ட நாள், முறைப்பாடு கொடுத்த நாள், விசாரணைக்குக் கூப்பிட்ட நாள். இப்போது என்னிடம் இன்னொரு கொப்பி இருக்கிறது. தை 22, முதற் செண்பகப் படம். மாசி 9, பூநாரை. பங்குனி 12, ஆட்காட்டி முட்டை. அந்தக் கோவையை நான் மூடவில்லை, மூடவும் மாட்டேன். இரண்டும் ஒரே இறாக்கையில் இருக்கின்றன.

நீங்களும் எடுத்துப் பார்க்க விரும்பினால்

விலை கூடிய கமரா தேவையில்லை. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். போனின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எடுங்கள். பறவையைத் துரத்தாமல் ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். அது உங்களை மறந்துவிடும். கூட்டுக்கும் முட்டைக்கும் கிட்டப் போகாதீர்கள். முக்கியமாக, துப்புரவு செய்யப்படாத காணிக்குள்ளும் மண்டையோட்டு அடையாளம் இட்ட இடத்துக்குள்ளும் எந்தப் படத்துக்காகவும் கால் வைக்க வேண்டாம். அறியாத பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

மகள் எனது படங்களில் பன்னிரண்டைக் கழுவித் தந்தாள். அவற்றை எங்கள் முன்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் காலையில் வந்ததும் விரலால் தொட்டுப் பெயர் சொல்கிறார்கள். பதின்மூன்றாவதாக ஒரு படத்தை மகள் எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாள். முள்முருக்கு வேலியடியில், கண்ணில் பைனாகுலரை வைத்து, வாயைத் திறந்தபடி நான் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு, எந்தப் படிவத்திலும் ஒட்டுவதற்காக அல்லாமல் எடுத்த எனது படம் அது.

அந்த ஐப்பசியில் தகைவிலான்கள் மின்கம்பிக்குத் திரும்பி வந்தன. திகதியைக் கொப்பியில் எழுதி வைத்தேன். உங்கள் வேலியிலும் ஏதோ ஒன்று வந்து குந்தும். நீங்களும் எழுதி வையுங்கள்.