மாவட்ட லீக் கிரிக்கெட்டும் தமிழ்நாடு அணியும்

லீக் கிரிக்கெட் என்பது ஊர் மைதானத்தில் ஆடும் வீரரைப் படிப்படியாக மாநில அணி வரை கொண்டு செல்லும் ஏற்பாடு ஆகும். தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் அதன் கீழ் இயங்கும் மாவட்டச் சங்கங்களும் நடத்துகின்றன. உள்ளூர் ஆட்டங்கள் எவ்வாறு அமைகின்றனவோ அவ்வாறே மாநில அணியின் பலமும் பலவீனமும் அமையும். இக்கட்டுரை அந்தத் தொடர்பைச் சேலம் மாவட்டத்தின் பனமரத்துப்பட்டி வட்டாரத்தை மையமாக வைத்து விளக்குகிறது.

வெற்றிக் கணக்கு சொல்வது

இந்தியாவில் மாநில அணிகளுக்கு இடையே மூன்று முக்கியப் போட்டிகள் நடைபெறுகின்றன. ரஞ்சிக் கோப்பை பல நாள் ஆட்டம். விஜய் ஹசாரே கோப்பை 50 ஓவர் ஆட்டம். சையது முஷ்டாக் அலி கோப்பை 20 ஓவர் ஆட்டம்.

விஜய் ஹசாரே கோப்பையைத் தமிழ்நாடு ஐந்து முறை வென்றுள்ளது. அவற்றுள் 2004-05 ஆம் ஆண்டுக் கோப்பை உத்தரப் பிரதேசத்துடன் பகிர்ந்துகொள்ளப்பட்டது. சையது முஷ்டாக் அலி கோப்பையை 2006-07, 2020-21, 2021-22 ஆகிய மூன்று பருவங்களில் வென்றது. கடைசியாகச் சொன்ன இறுதி ஆட்டத்தில் கர்நாடகத்துக்கு எதிராக ஷாருக் கான் கடைசிப் பந்தில் சிக்சர் அடித்து வெற்றி தேடித் தந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

ரஞ்சிக் கோப்பையின் கதை வேறு. 1954-55 இல் பாலு அளகணன் தலைமையில் சென்னை மாநில அணி ஹோல்கர் அணியை வென்று முதல் முறை கோப்பையைப் பெற்றது. 1987-88 இல் எஸ். வாசுதேவன் தலைமையில் ரயில்வே அணியைச் சேப்பாக்கத்தில் வீழ்த்தி இரண்டாம் முறை பெற்றது. அதன் பிறகு 2002-03, 2003-04, 2011-12, 2014-15 ஆகிய பருவங்களில் இறுதி ஆட்டம் வரை சென்றும் தோற்றது. 2023-24 இல் அரையிறுதியில் மும்பையிடம் தோற்றது.

குறைந்த ஓவர் ஆட்டத்தில் முன்னணியில் நிற்கும் ஒரு மாநிலம் பல நாள் ஆட்டத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது? தேர்வு, காயம், இந்திய அணிக்கும் ஐ.பி.எல். அணிகளுக்கும் வீரர்கள் சென்றுவிடுவது எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. அது கீழ்ப்படியில் என்ன ஆட்டம் ஆடப்படுகிறது என்பது.

இரண்டு ஏணிகள்

தமிழ்நாட்டு லீக் அமைப்பை இரண்டு ஏணிகளாகப் புரிந்துகொள்ளலாம். முதலாவது, சென்னை லீக். இது பல பிரிவுகளைக் கொண்டது. கீழ்ப் பிரிவில் வெல்லும் அணி மேற்பிரிவுக்கு ஏறும். மேற்பிரிவில் கடைசியாக வரும் அணி கீழே இறங்கும். முதல் பிரிவில் வெல்லும் அணிக்குப் பாளையம்பட்டி ராஜா கேடயம் வழங்கப்படுகிறது. ஜாலி ரோவர்ஸ், விஜய் கிரிக்கெட் கிளப், இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற முதல் பிரிவு அணிகளுக்குப் பெரும் நிறுவனங்களின் ஆதரவு உண்டு. வேலை, சம்பளம், பயிற்சியாளர், புல்தரை ஆடுகளம் எல்லாம் அங்கே கிடைக்கும். பல நாள் ஆட்டங்களும் அங்கேதான் ஆடப்படுகின்றன.

இரண்டாவது, மாவட்ட லீக். ஒவ்வொரு மாவட்டச் சங்கமும் தன் எல்லைக்குள் உள்ள கிளப்புகளுக்குப் பிரிவு வாரியாகப் போட்டி நடத்துகிறது. அதில் சிறந்தவர்கள் மாவட்ட அணிக்குத் தேர்வாகி, மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடுவார்கள். மாவட்ட லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமையிலேயே முடியும் குறைந்த ஓவர் ஆட்டங்கள். பல இடங்களில் மேட் விரித்த ஆடுகளமே உண்டு. மேட்டில் பந்து சீராக எழும்பும். புல்தரையில் மூன்றாம் நாள் பந்து திரும்புவதையும், பழைய பந்து தாழ்ந்து வருவதையும் அங்கே கற்க முடியாது.

இரண்டாம் ஏணியின் உச்சியும் முதல் ஏணியின் நடுப்படியும் ஒன்றுக்கொன்று நேராக இணையவில்லை. மாவட்டத்தில் நன்றாக ஆடியவரும் மாநில அணியை எட்ட, சென்னைக்குப் போய் ஏதாவது ஒரு கிளப்பில் மீண்டும் இடம்பிடிக்க வேண்டியிருக்கிறது.

பனமரத்துப்பட்டியிலிருந்து பார்த்தால்

பனமரத்துப்பட்டி, சேலம் நகருக்குத் தெற்கே உள்ள பேரூராட்சி. பெரிய ஏரிக்கும் அரளிப்பூச் சாகுபடிக்கும் பெயர் பெற்றது. இவ்வட்டாரக் கிராமங்களில் கிரிக்கெட் என்றால் முதலில் டென்னிஸ் பந்துதான். அறுவடை முடிந்த காட்டிலும் பள்ளி மைதானத்திலும் ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டங்கள் நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் போட்டிகளில் ரொக்கப் பரிசு இருக்கும்.

இங்கே ஒரு மாணவர் வேகமாகப் பந்து வீசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் படி, தோல் பந்துக்கு மாறுவது. அதற்குக் காலுறை, கையுறை, தலைக்கவசம், மட்டை என்று செலவு உண்டு. இரண்டாவது படி, சேலத்தில் ஒரு கிளப்பில் சேர்வது. பேருந்தில் போய் வலைப்பயிற்சி முடித்து வீடு திரும்ப இரவாகும். மூன்றாவது படி, மாவட்ட அணி. நான்காவது படி, சுமார் 340 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னை. அங்கே தங்க இடமும் சாப்பாட்டுச் செலவும் வேண்டும்.

இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. திறமை தெரியத் தொடங்கும் 15 முதல் 17 வயது வரை பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகள் குறுக்கே நிற்கின்றன. கூலி வேலைக்கும் பூப்பறிக்கவும் போகும் பெற்றோர், நிச்சயமில்லாத ஒன்றுக்காக மகனைச் சென்னைக்கு அனுப்பத் தயங்குவதில் வியப்பில்லை. அப்படி நின்றுபோனவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

நடராஜன் சென்ற பாதை

இந்த நீண்ட பாதையைக் கடந்தவர்களில் முதன்மையானவர் த. நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். அவருடைய வழிகாட்டி ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அழைத்துச் சென்றார். நான்காம் பிரிவில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடி, முதல் பிரிவு அணிகளுக்கு உயர்ந்து, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானார்.

உடனே அவருடைய பந்துவீச்சு முறை குறித்து ஐயம் எழுப்பப்பட்டது. அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தபோது தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியிருந்தது. அதில் திண்டுக்கல் அணிக்காக வீசிய யார்க்கர்கள் அவரைக் கவனிக்க வைத்தன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பின்னர் சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தார். அது 2023 இல் திறக்கப்பட்டது.

அவரது வெற்றியைப் பலரும் அமைப்பின் வெற்றியாகச் சொல்வதுண்டு. உற்று நோக்கினால், ஊரில் ஒரு வழிகாட்டி அமைந்ததும், சென்னைக்குப் போக முடிந்ததும், புதிய லீக் சரியான நேரத்தில் வந்ததும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை மாறியிருக்கும்.

2016 இல் வந்த மாற்றம்

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016 இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. மாவட்டங்களின் பெயரில் அணிகள் அமைந்தன; ஆட்டங்கள் திண்டுக்கல், திருநெல்வேலி போன்ற ஊர்களுக்கும் சென்றன. தொலைக்காட்சி வழியாக மாவட்ட வீரர்களை ஐ.பி.எல். அணிகள் நேரடியாகப் பார்க்க முடிந்தது. நான்காம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த வருண் சக்கரவர்த்தி, 2018 இல் மதுரை அணிக்கு ஆடிய பிறகு 8.4 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார். சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த பெரியசாமியும் 2019 இல் சேப்பாக் அணி கோப்பை வெல்ல முக்கியப் பங்காற்றினார்.

சேலத்துக்கும் பயன் கிடைத்தது. வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளை மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2021 முதல் சேலத்தின் பெயரில் ஓர் அணி ஆடுகிறது. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களும் இங்கு நடந்துள்ளன.

ஆயினும் இந்த லீக் 20 ஓவர் ஆட்டம். நான்கு ஓவர் வீசும் பந்துவீச்சாளரை அது உருவாக்கும். ஒரு நாளில் 20 ஓவர் வீசி, மறுநாளும் அதே வேகத்தில் வீசுபவரை உருவாக்குவது அதன் வேலையல்ல. கதவு அகலமாயிற்று. ஆனால் அது திறப்பது குறைந்த ஓவர் ஆட்டம் என்ற ஒரே அறைக்குத்தான்.

பிற இடங்களின் அனுபவம்

கர்நாடகம் தன் மாநிலத்தை மைசூரு, தார்வாடு, தும்கூரு, சிவமொக்கா, மங்களூரு, ராய்ச்சூர் என மண்டலங்களாகப் பிரித்து, மண்டலந்தோறும் பிரிவு வாரி லீக் நடத்துகிறது. 2014-15 இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டை வென்றது கர்நாடகமே. பெருநகரப் பலம் இல்லாத விதர்பாவும் சௌராஷ்டிராவும் அண்மை ஆண்டுகளில் ரஞ்சிக் கோப்பையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றுள்ளன. சென்னை, மும்பை போன்ற நகரம் இருந்தால்தான் வெல்ல முடியும் என்பது இனிப் பொருந்தாது.

அயர்லாந்தின் கேலிக் விளையாட்டுகள் இன்னொரு பாடம் தருகின்றன. 1884 இல் தொடங்கிய அச்சங்கத்தில் ஊர்க் கழகமே அடித்தளம். வீரர் தம் ஊர்க் கழகத்துக்கு ஆடிக்கொண்டே 'கவுண்டி' எனப்படும் மாவட்ட அணிக்கும் ஆடுவார். இரண்டு அட்டவணைகளும் மோதிக்கொண்டதால், 2022 முதல் ஆண்டின் முற்பகுதி கவுண்டி ஆட்டங்களுக்கும் பிற்பகுதி ஊர்க் கழக ஆட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. மேலே இருப்பவர்களின் வசதிக்காகக் கீழே உள்ள ஆட்டம் பலியாகக் கூடாது என்பதே இதன் உட்கருத்து.

முன்வைக்கப்படும் சீர்திருத்தங்கள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு வழிகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, மாவட்ட லீக்கின் மேற்பிரிவில் குறைந்தது சில ஆட்டங்களாவது இரண்டு நாள் ஆட்டங்களாக நடத்தப்பட வேண்டும். எல்லாப் பிரிவுக்கும் இது இயலாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு விடுப்பு கிடைக்காது. ஒரே ஒரு பிரிவில் தொடங்கினாலும் போதும்.

இரண்டாவது, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற அண்டை மாவட்டங்கள் சேர்ந்து மண்டல லீக் நடத்தலாம். புல்தரை மைதானம் ஒன்றை நான்கு மாவட்டங்களும் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும்.

மூன்றாவது, மண்டல லீக்கில் சிறந்து விளங்குபவர் சென்னைக் கிளப்பில் சேராமலே மாநிலத் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட வேண்டும்.

நான்காவது, மாணவர்களுக்கான பல நாள் ஆட்டங்கள் பொதுத்தேர்வுக் காலத்தைத் தவிர்த்து, கோடை விடுமுறையில் அமைய வேண்டும். வெயில் கடுமை என்பதால் காலை நேரத்தில் ஆடி, நண்பகலில் நிறுத்தலாம்.

இவற்றுக்கு எதிர்வாதமும் உண்டு. சென்னை முதல் பிரிவின் தரமே தமிழ்நாட்டின் பலம். பிற மாநில வீரர்களும் வந்து ஆடுமளவுக்கு அது மதிப்புடையது. வீரர்களை மண்டலங்களாகச் சிதறடித்தால் அத்தரம் குறையும் என்று அஞ்சுவோர் உள்ளனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மண்டல லீக் சென்னை லீக்குக்கு மாற்று அல்ல. அதற்கு வீரர்களை அனுப்பும் நாற்றங்கால். நாற்றங்கால் செழித்தால்தான் வயல் செழிக்கும்.

பனமரத்துப்பட்டியிலிருந்து வாழப்பாடி மைதானத்துக்குக் காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கே இரண்டு நாள் ஆட்டம் ஆடும் வாய்ப்பும், அந்த ஆட்டத்தைப் பார்க்க ஒரு தேர்வாளரும் இருந்தால், ஒரு மாணவர் படிப்பையும் ஊரையும் விடாமல் தம் திறமையைச் சோதித்துப் பார்க்கலாம். 1988 க்குப் பிறகு கைக்கு எட்டாத ரஞ்சிக் கோப்பைக்கான வழி அங்கிருந்தும் தொடங்கக்கூடும்.