கிளச்சும் கியரும்

காஞ்சீபுரம் என்றவுடன் நமது நினைவில் எழுபவை கோபுரங்களும் பட்டுப் புடவைகளுமே. ஆனால் அதே பெயர் தாங்கிய ஜில்லாவில், ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூருக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை எழுந்தது. முதல் போட்டவர்கள் அயல் நாட்டவராயினும், உழைக்கும் கைகள் நம்மவருடையவை. தறியும் மோட்டாரும் ஒரே ஜில்லாவில் இயங்குவது பெருமைக்குரிய விஷயந்தான். எனினும், வண்டியைச் செய்வது ஒரு திறமை. அதை நயமாக நடத்துவது மற்றொரு திறமை. முன்னதைப் பெற்றுவிட்ட நாம், பின்னதையும் கைவரப் பெற வேண்டாமா?

முகூர்த்த நாட்களுக்கு முன்னால் காந்தி ரோட்டில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். கலியாணப் பட்டு எடுக்க வெளியூர்களிலிருந்து வந்த கார்கள் வரிசையாக ஊர்கின்றன. ஒன்று குதிரைக் குட்டியைப் போல் துள்ளுகிறது. மற்றொன்று கியர் மாற்றும்போது பல்லைக் கடிக்கிறது. இன்னொன்றிலிருந்து கருகிய நாற்றம் வீசுகிறது. குழந்தைகளும் முதியோரும் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நடக்கும் வீதியில் அந்த ஒரு துள்ளல் என்ன விபரீதத்தை விளைவிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய சமயங்களில் சிலர் ‘வண்டி சரியில்லை’ என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். ஓட்டுபவர் ஒரு பெண்மணியாக இருந்துவிட்டாலோ, ‘இவர்களுக்கு இது வராது’ என்ற தீர்ப்பு முன்னமே தயாராயிருக்கிறது! இரண்டுமே ஆராயாமல் சொல்லும் தீர்ப்புகள். காஞ்சீபுரத்து நெசவாளரைப் பாருங்கள். குழித்தறியில் அமர்ந்து, கால்கள் மிதிபலகையை அழுத்த, கைகள் நாடாவை ஓட்ட, காலுக்கும் கைக்கும் பிணக்கு நேராமல் நெய்கிறார். இழை அறுந்தால் அவர் முதலில் தறியைப் பார்க்கிறார். தறியில் குறையில்லையெனில் தம் கையைத் திருத்திக்கொள்கிறார். மோட்டார் ஓட்டுவோரும் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே.

உள்ளே நடப்பது என்ன?

என்ஜின் சுழன்றுகொண்டே இருக்கும். சக்கரமோ சில சமயம் நிற்க வேண்டும், சில சமயம் ஓட வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தும் பிரித்தும் வைப்பது கிளச்சு. என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தின் மீது ஓர் உராய்வுத் தட்டை வலிய வில் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. மிதியை அழுத்தினால் பிடி விடுகிறது. காலை எடுத்தால் மீண்டும் பற்றுகிறது. முழுதும் விட்ட நிலைக்கும் முழுதும் பற்றிய நிலைக்கும் நடுவே, தட்டு வழுக்கிக்கொண்டே பற்றத் தொடங்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கால் அறிந்துகொள்வதே ஓட்டும் கலையில் பாதி.

மற்றப் பாதி, வேகங்களை ஒன்றாக்குவது. உதாரணமாக, ஒரு சிறு கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரில் செல்லும்போது என்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2,200 சுற்றுச் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு 1,450 சுற்றே போதும். ஆகவே மேல் கியருக்குப் போகையில், என்ஜின் தணியச் சற்று அவகாசம் தந்து காலை எடுக்க வேண்டும். கீழ் கியருக்கு வருகையில், காலை எடுக்குமுன் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு என்ஜினின் சுழற்சியை உயர்த்த வேண்டும். இவ்வளவுதான் ரகசியம். முற்காலத்து ஸாரதிகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளச்சை இரு முறை மிதித்துப் பற்சக்கரங்களின் வேகத்தைத் தாமே இணக்க வேண்டியிருந்தது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த ஸிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு அந்தச் சிரமத்தைப் பெரிதும் நீக்கிற்று. ஆயினும் அதற்கும் ஒரு கணம் தேவை. அவசரமாகத் தள்ளினால் அது தேய்ந்து போகும்.

முதலில் தறியைப் பாருங்கள்

வண்டியின் குறையா, காலின் குறையா என்று கண்டுபிடிக்க எளிய சோதனைகள் உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, கிளச்சை முழுதும் மிதித்து, முதலில் என்ஜினை அணைத்த நிலையிலும் பிறகு ஓடும் நிலையிலும் கியரைப் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கையில் இலகுவாக விழுவது, ஓடுகையில் மட்டும் முரண்டு பிடித்தால் கிளச்சு முழுதும் பிரியவில்லை என்பது பொருள். இரு நிலைகளிலும் முரண்டினால் கியர்க்கோலின் இணைப்புகளையோ கியர்ப் பெட்டியையோ மெக்கானிக் பார்க்க வேண்டும். இனி, ஆளில்லாத சாலையில் நாலாவது கியரில் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜினின் ஓசை மட்டும் ஏறி, வண்டி வேகம் பெறாவிட்டால் தட்டு தேய்ந்துவிட்டது.

கிளச்சு பிரியாமைக்குப் பெரும்பாலும் சிறு காரணங்களே இருக்கும். மிதியின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கால் விரிப்புகள் மிதியை அடிவரை போகவிடாமல் தடுக்கும். இதற்குக் காலணாச் செலவும் இல்லை! கேபிள் உள்ள வண்டிகளில் அதன் நீளம் தளர்ந்திருக்கலாம். உலர்ந்தும் நைந்தும் போன கேபிள் மிதியைக் கனமாக்கிவிடும். திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சுகளில் குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் மிதி பஞ்சு போலாகும். அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சுவதாதலால் குறித்த காலத்தில் மாற்றிவிட வேண்டும். கியர்க்கோல் தொளதொளவென்று ஆடினால் அதன் இணைப்புகளிலுள்ள சிறு புஷ்கள் தேய்ந்திருக்கக் கூடும். ‘எனக்குக் காலில் பலமில்லை’ என்று ஓட்டக் கற்பதையே கைவிட்ட சகோதரிகள், ஒரு முறை கேபிளைச் சோதிக்கச் செய்வது நலம்.

பிறகு நம்மைப் பார்ப்போம்

வண்டியில் குறையில்லை என்று தெரிந்தபின், திருத்த வேண்டியது பழக்கம். மிதியை அடிவரை அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி ஆசனத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வெறுமையான மைதானத்தில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளச்சை மெல்ல மெல்ல விட்டு வண்டி நகரத் தொடங்கும் இடத்தைக் கண்டறியுங்கள். இருபது முறை செய்தால் கால் அதை மறவாது. ஓடும்போது இடது காலை மிதியின் மேல் வைத்தே இருப்பது கிளச்சைத் தேய்க்கும். கையைக் கியர்க்கோலின் மேல் ஓய்வாக வைப்பதும் நன்றன்று. பின் கியருக்கு அநேக வண்டிகளில் ஸிங்க்ரோமெஷ் கிடையாது. ஆகவே கிளச்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட வேண்டும்.

வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையன்று வீதிகளில் நெரிசல் எப்படியிருக்கும் என்பதை அறியாதவர் இல்லை. அத்தகைய நாட்களில் பாதிக் கிளச்சிலேயே வண்டியை நகர்த்துவதுதான் கருகிய நாற்றத்துக்குக் காரணம். முதல் கியரில் கிளச்சை முழுதும் விட்டுவிட்டால், அநேகச் சிறு கார்கள் ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்; ஏறக்குறைய மனிதர் நடக்கும் வேகம். முன்வண்டிக்கும் நமக்கும் சற்று இடம் விட்டு, அந்த இடம் உண்டான பின் இவ்வாறு நகர்ந்து, வேண்டும்போது பிரேக்கும் கிளச்சும் மிதித்து நிற்பதே உத்தமம். நடப்பவர்களுக்கும் அபாயமில்லை, நமது பணப்பைக்கும் நஷ்டமில்லை.

2020-இல் ஹூண்டாய் வெனியூ காரில் கிளச்சு மிதியே இல்லாத கியர் முறை ஒன்று அறிமுகமாயிற்று. கியர்க்கோலைக் கை அசைத்தவுடன் உணர்கருவி அதை அறிந்து, யந்திரமே கிளச்சைப் பிரித்துச் சேர்த்துவிடுகிறது. நல்லதுதான், வலி மிகுந்த முழங்கால்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் நம் சாலைகளில் கிளச்சு மிதியுள்ள வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. வாடகை வண்டி ஓட்டி ஜீவனம் செய்வோர் நாள் முழுதும் அம்மிதியோடு போராடுகிறார்கள். அவர்களுக்குக் கேபிளும் திரவமும் செம்மையாயிருக்கும்படி பார்த்துக்கொள்வது வண்டிச் சொந்தக்காரரின் கடமை. பொறுமையும் பயிற்சியும் ஓட்டுபவரின் கடமை. இரண்டும் கூடினால் வண்டியும் பாவில் ஓடும் நாடாவைப் போல் சத்தமின்றிச் செல்லும்.