வெல்டிங் பழகுவோம்: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

கேற்றின் பிணைச்சல் உடைந்துவிட்டது. சைக்கிள் கரியர் முறிந்துவிட்டது. உடனே பட்டறையில் நிற்கும் தம்பி ஒருவரைத் தேடிப் போகிறோம். "அது ஆம்பிளையளின்ர வேலை" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் போர் ஆண், பெண் என்று பார்த்தா எங்கள் தலையில் சுமையை ஏற்றியது? பதுங்குகுழி வெட்டினோம். கூரை வேய்ந்தோம். பிள்ளைகளைத் தனியே வளர்த்தோம். இரும்பை ஒட்டுவது மட்டும் எப்படி எங்களால் முடியாத வேலையாகும்?

வெல்டிங்குக்குத் தேவை பெரிய உடற்பலம் அல்ல, நிதானமான கை. தையல் பழகியவருக்கு நேர்கோட்டில் கை நகர்த்துவது புதிதல்ல.

மெசினிலிருந்து இரண்டு வயர்கள் வரும். ஒன்றின் கவ்வியை ஒட்டவேண்டிய இரும்பில் பூட்ட வேண்டும். மற்றதன் பிடியில் வெல்டிங் றொட்டைச் செருக வேண்டும். நெருப்புக்குச்சி தட்டுவதுபோல றொட்டின் நுனியை இரும்பில் உரசிச் சற்று உயர்த்தினால் பொறி எழும். அந்த வெப்பத்தில் இரும்பும் றொட்டும் உருகி ஒன்றாகும். மெல்லிய வேலைக்கு 2.5 மில்லிமீற்றர் றொட்டும் ஏறத்தாழ 60 முதல் 90 அம்பியரும் போதும். றொட் அடிக்கடி இரும்பில் ஒட்டிக்கொண்டால் கரண்ட் குறைவு. இரும்பு ஓட்டையானால் கரண்ட் கூட.

இனிக் கவனமாக வாசியுங்கள். ஒரு குடும்பமே உங்கள் உழைப்பை நம்பியிருக்கும்போது உங்கள் கண்ணும் கையும்தான் அந்த வீட்டின் முதல்.

கண்: முகமூடியின் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பொறியை ஒரு கணமும் பார்க்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் பார்க்கக் கூடாது. பார்த்தவுடன் வலி தெரியாது. சில மணித்தியாலங்களின் பின், பெரும்பாலும் இரவில், மண் விழுந்ததுபோல் கண் உறுத்தும். தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கசடு தட்டும்போதும் கண்ணாடி அணியுங்கள்.

உடை: சேலையும் சோலும் பட்டறைக்கு உதவாது. நைலோன் துணி தீயில் உருகித் தோலில் ஒட்டும். முழுக்கையுள்ள தடித்த பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய சப்பாத்து அணியுங்கள். கூந்தலை முடிந்து கட்டுங்கள். காப்பு, மோதிரம், சங்கிலியைக் கழற்றி வையுங்கள்.

மின்சாரம்: ஈர நிலத்திலோ மழையிலோ வேலை செய்யாதீர்கள். தோல் உரிந்த வயரை மாற்றாமல் மெசினைப் போடாதீர்கள்.

புகை: காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள். கல்வனைஸ் குழாயைச் சூடாக்கினால் வரும் புகை அன்றிரவே குளிரும் காய்ச்சலும் தரும். ஒட்டும் இடத்தில் பூச்சை உராய்ந்து நீக்குங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தீ: மண்ணெண்ணெய், பெற்றோல் இருந்த பீப்பாயை வெறுமையாக இருந்தாலும் ஒட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். அருகில் மண் வாளி ஒன்று இருக்கட்டும்.

எங்களுக்கென்றே இன்னுமொன்று உண்டு. போர் 2009இல் முடிந்தாலும் நிலத்தில் கிடப்பவை எல்லாம் பழைய இரும்பு அல்ல. என்னவென்று தெரியாத உலோகத்தைத் தூக்காதீர்கள், வெட்டாதீர்கள், சூடாக்காதீர்கள். யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். கண்டால் விலகி நின்று பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

பழகுவதற்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் உண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஏற்கனவே பட்டறையில் வேலை பழகியவர்கள், படிப்பு இடையில் நின்றிருந்தாலும், தங்கள் திறமையைச் செய்துகாட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. அந்தக் கடதாசி கையில் இருந்தால் கூலியைப் பேசி வாங்கலாம்.

முதல் நாள் ஒட்டு கோணலாகத்தான் வரும். பரவாயில்லை சகோதரிகளே. பழைய இரும்புத் துண்டில் பத்துத் தரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கேற்றின் பிணைச்சலை நீங்களே ஒட்டுங்கள். அடுத்த வீட்டு அக்காவே தன் கேற்றைக் கொண்டுவருவார்.