பிளக்கில் குத்தும் எலி விரட்டி: காசு கொடுத்து வாங்கலாமா?

"பிளக்கில குத்தி வச்சாப் போதும். எலி, கரப்பான், நுளம்பு எல்லாம் ஓடிரும். மருந்தும் வேணாம், பொறியும் வேணாம்." டவுன் கடைகளிலும் கைத்தொலைபேசி விளம்பரங்களிலும் இப்படிச் சொல்லி ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்கள். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் ஒன்று வாங்கிப் போடலாமா என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. அப்படி நினைப்பதில் பிழையில்லை. எலித்தொல்லை இல்லாத லயம் எங்கே இருக்கிறது? அரிசி மூட்டையைக் கடிக்கிறது, பிள்ளைகளின் கொப்பியைக் கடிக்கிறது, கரண்ட் வயரையும் கடிக்கிறது. வயர் வெளியே தெரிந்தால் தீப்பிடிக்கவும் இடமுண்டு.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். 2008ஆம் ஆண்டு மட்டும் நமது நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். ஆகவே எலியை ஒழிப்பது அவசியமான வேலை. அதற்கு இந்தப் பெட்டி உதவுமா என்பதுதான் கேள்வி.

பெட்டி என்ன செய்கிறது?

மனிதக் காதுக்கு ஒரு செக்கனுக்கு சுமார் 20,000 அதிர்வு வரையுள்ள சத்தம்தான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். அதற்கு மேலே உள்ள சத்தத்தை 'மீயொலி' என்று சொல்வார்கள். பெட்டி அந்தச் சத்தத்தைத்தான் போடுகிறது. நமக்குக் கேட்காது, எலிக்குக் கேட்கும். எலிக்கு 80,000 அதிர்வு வரை கேட்கும் என்பது உண்மைதான். "எலியால அந்தச் சத்தத்தைத் தாங்க ஏலாது, ஓடிப்போகும்" என்பது விற்கிறவர்களின் வாதம்.

ஆனால் கேட்பது வேறு, பயந்து வீட்டைவிட்டு ஓடுவது வேறு. எலிகள் தங்களுக்குள்ளே பேசிக்கொள்வதே பெரும்பாலும் இந்த மீயொலியில்தான். கண் திறக்காத எலிக்குஞ்சு கூட்டைவிட்டு விலகிப்போனால் தாயைக் கூப்பிடுவதும் இதே வகைச் சத்தத்தில்தான். அதன் காதுக்குப் பழகிய சத்த வகை இது.

ஏன் பலன் கிடைப்பதில்லை?

முதலாவது, மீயொலி டோர்ச் வெளிச்சம் மாதிரி. டோர்ச்சுக்கு முன்னால் ஒரு சாக்கு மூட்டையை வைத்தால் பின்பக்கம் இருட்டு. அதேபோல அலுமாரி, கட்டில், விறகுக் கட்டு எதுவாயிருந்தாலும் அதற்குப் பின்னால் இந்தச் சத்தம் சரியாகப் போகாது. சுவரையும் தாண்டாது. மெத்தையும் துணிமணியும் சத்தத்தை உறிஞ்சிவிடும். தூரம் கூடக் கூட வேகமாகக் குறைந்தும் போகும். எலி இருப்பது எங்கே? சுவர்ப் பொந்திலும், கூரை இடுக்கிலும், மூட்டைக்குப் பின்னாலும்தான். சத்தம் போகாத இடமும் அதுதான்.

இரண்டாவது, பழக்கம். எலி புதிதாக எதையும் கண்டால் சந்தேகப்படும். புதுச் சத்தம் வந்தால் இரண்டொரு நாள் வழியை மாற்றிப் போகும். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பழையபடி வந்துவிடும். சாப்பாடும் கூடும் அங்கே இருக்கும்போது வெறும் சத்தத்துக்காக எலி இடத்தைக் காலி செய்யாது.

மூன்றாவது, கரப்பானுக்கும் நுளம்புக்கும் நம்மைப்போலக் காது இல்லை. கரப்பான் காலாலும் வால்புறத்து மயிராலும் அதிர்வையும் காற்றசைவையும் உணர்கிறது. நுளம்பு உணர்கொம்பால் கேட்கிறது. அது கவனிப்பது மற்ற நுளம்பின் சிறகுச் சத்தத்தை. அந்தச் சத்தம் நம் காதுக்கே கேட்கும் அளவானது.

சோதித்தவர்கள் கண்டது என்ன?

நுளம்பு விரட்டும் சத்தக் கருவிகளைப் பற்றி வெளியிடங்களில் நடந்த 10 சோதனைகளை ஆராய்ச்சியாளர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆளின்மேல் வந்து உட்கார்ந்த நுளம்பின் தொகை குறையவில்லை. ஒன்றில்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். மலேரியாவைத் தடுக்க இதை நம்பக்கூடாது என்று எழுதினார்கள்.

அமெரிக்காவில் வியாபார விளம்பரங்களைக் கண்காணிக்கும் மத்திய வர்த்தக ஆணைக்குழு, 2001இல் இப்படியான கருவிகளைச் செய்து விற்கும் 60க்கும் மேற்பட்ட கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எலியையும் பூச்சியையும் விரட்டும் என்று சொல்வதானால் விஞ்ஞான ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

"பக்கத்து வீட்டில வேலை செஞ்சிச்சே?"

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் எலி குறைந்த மாதிரித்தான் தெரியும். அதோடு, காசு போட்டு பெட்டி வாங்கிய வீட்டில் மூலை முடுக்கைக் கூட்டி, சாமானை அடுக்கி வைப்பதும் வழக்கம். எலி குறைந்தது அதனால். பெயர் வாங்கிக்கொண்டது பெட்டி.

ஏற்கனவே வாங்கியவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில் சுவரோரமாக மெல்லிசாக அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். காலையில் எலிக்கால் அடையாளத்தைப் பாருங்கள். வீட்டில் வேறொன்றையும் மாற்றாமல், பெட்டி இல்லாமல் ஒரு கிழமை, பெட்டி போட்டு இரண்டு கிழமை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கிழமையிலும் அடையாளம் இருந்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

சாப்பாட்டை மூடுங்கள்: அரிசி, கோதுமை மா, பருப்பு, கருவாடு எல்லாவற்றையும் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். பொலித்தீன் பையையும் சாக்கையும் எலி கடித்துவிடும். இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் வைக்கவேண்டாம். நாய், கோழிக்கு வைத்த மிச்சத்தையும் பொழுது சாயும்போது எடுத்துவிடுங்கள். கரப்பானுக்கும் இதுவே முதல் வைத்தியம்.

ஓட்டையை அடையுங்கள்: பென்சில் நுழையும் அளவு, அதாவது சுமார் 6 மில்லிமீற்றர் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளை ஓட்டையில் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள். துணியும் கடதாசியும் நிற்காது. கதவின் அடியில் ஒரு தகரத் துண்டை அடிக்கலாம்.

பொறியைச் சரியாக வையுங்கள்: எலி நடுவீட்டால் ஓடாது, சுவரோரமாகத்தான் ஓடும். ஆகவே பொறியின் தீனிப்பக்கம் சுவரைப் பார்க்க வையுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ கட்டுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு பொறியை மாட்டாமல் சும்மா வைத்து, எலி பயமில்லாமல் தின்னப் பழகியபின் மாட்டுங்கள். ஒரு பொறியைவிட ஒரே இரவில் நான்கைந்து பொறி வைப்பது மேல். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையில் பொலித்தீன் பை மாட்டி எடுத்து ஆழமாகப் புதையுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். தூசி மூக்கில் ஏறும். வெளுப்புத்தூள் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எலிப்பாஷாணத்தில் கவனம்: பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்ட சம்பவங்கள் உலகமெங்கும் உண்டு. விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனை, நாய்க்கும் ஆபத்து. பிள்ளைகள் உள்ள காம்பராவில் பொறியே நல்லது.

நுளம்புக்கு: கிழமைக்கு ஒருதரம் வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய சிரட்டை, டயர், யோகட் கப், டின் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை, சிறகு முளைத்துப் பறக்க ஏறக்குறைய ஒரு கிழமை போதும். படுக்கும்போது நுளம்பு வலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால்

எலியின் சிறுநீர் கலந்த சேறும் தண்ணீரும் காலிலுள்ள கீறல், வெடிப்பு, காயம் வழியாக உடம்புக்குள் போவதால் எலிக்காய்ச்சல் வருகிறது. கான் வெட்டுபவர்களும் மரக்கறித் தோட்டம் செய்பவர்களும் காயத்தை மூடிக்கட்டி, சப்பாத்து போட்டு இறங்குங்கள். கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் 'சாதாரண தடிமன்' என்று பனடோலோடு நிற்கவேண்டாம். உடனே டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய், "சேத்தில வேலை செஞ்சேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு மருந்து எடுத்தால் குணப்படுத்தலாம். பிந்தினால் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஒரு வீட்டால் முடியாத வேலை

இன்னொரு விஷயம். லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பராவில் துரத்திய எலி கூரை வழியாக அடுத்த காம்பராவுக்குப் போகும், மறுநாள் திரும்பி வரும். பெட்டி உண்மையிலேயே வேலை செய்தாலும் நம் எலி அடுத்த வீட்டுக்குத்தான் போயிருக்கும். ஒரு எலி ஏறக்குறைய மூன்று கிழமை சினையாயிருந்து ஒரே ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டி போடும். ஆகவே தனித்தனியாகப் போராடிப் பயனில்லை.

பெட்டிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு மூடி டின்னும் சில பொறியும் வாங்கலாம். வருகிற ஞாயிறு லயத்தில் எல்லோருமாகப் பேசி ஒரு சிரமதானம் வையுங்கள். கானைத் துப்புரவாக்கி, லயத்தைச் சுற்றிப் புல்லை வெட்டி, குப்பையைப் புதைத்து, ஓட்டைகளை ஒரே நாளில் அடைத்து, அன்று இரவே எல்லாக் காம்பராவிலும் பொறியை வையுங்கள். கூரையும் கானும் பழுதாயிருந்தால் நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். பொது சுகாதாரப் பரிசோதகரையும் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள்.